வில்லனுக்கு ஓர் ஆரஞ்சு

பெலிசாரியோவைத் திட்டாத வீடு எங்கள் சாந்தா ஃபே மாகாணத்தில் கிடையாது. தினமும் சாயங்காலம் ரொசாரியோ வானொலியில் நாடகம் தொடங்கியதும் அவன் தொண்டையைச் செருமினால் போதும், அடுப்பில் வேலையாக இருக்கிறவள்கூடக் கரண்டியோடு ஓடிவந்து ரேடியோப் பெட்டியைப் பார்த்து, "வந்துட்டான் பாரு, நாசமாப் போறவன்!" என்பாள். அப்படி ஒரு குரல் அவனுக்கு. அந்தக் குரலால் அனாதைப் பெண்களின் வீட்டைப் பிடுங்கியிருக்கிறான், கல்யாணங்களை நிறுத்தியிருக்கிறான், பால் டம்ளரில் விஷம் கலந்திருக்கிறான். ஆளை நேரில் பார்த்தால் சிரிப்பு வரும். குள்ளம், வழுக்கை, கோழி விரட்டினால் நாற்காலி மேல் ஏறிக்கொள்வான்.

வாரம் முழுக்க ரேடியோவில் ஓடும் கதையைச் சனிக்கிழமைகளில் ஏதாவது ஒரு ஊர்க் கிளப்பில் மேடை போட்டு நடித்துக் காட்டுவது எங்கள் பக்கத்து நாடகக் கம்பெனிகளின் வழக்கம். குரலாக மட்டும் தெரிந்தவர்களை முகத்தோடு பார்க்கச் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். கதாநாயகனுக்குப் பூ கொண்டுவருவார்கள், பெலிசாரியோவுக்கு ஆரஞ்சும் உருளைக்கிழங்கும். ஆரஞ்சு மேலே வந்து விழ விழ அவனுக்கு முகம் மலர்ந்துவிடும். வில்லனுக்கு அதுதானே கைதட்டல்! போன வருஷம் ஒரு ஊரில் ஒரு பெண்மணி செருப்பைக் கழற்றி வீசினாள். "ஒத்தைச் செருப்போட வீடு வரைக்கும் நொண்டிக்கிட்டே போயிருப்பா, மகராசி" என்று அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் மனைவி எல்விராவுக்குத்தான் கஷ்டம். கோட்டில் இருக்கிற பழக்கறையை அவள்தானே துவைக்க வேண்டும்.

எல்விராவும் அதே கம்பெனிதான். சத்தம் போடுவது அவள் வேலை. வாயால் போடும் சத்தம் இல்லை, அது வீட்டில். மைக் முன்னால் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினால் குதிரை ஓடும், மரச்சட்டம் அடித்த உருளையைக் கித்தான் துணிக்கு அடியில் சுற்றினால் காற்று வீசும், மின்விசிறியில் ஒரு தோல் பட்டையை உரசவிட்டால் விமான இன்ஜின் உறுமும்.

விமானம் என்று சொல்லிவிட்டேன், அந்த வருஷ நாடகம் அதுதான். 'வானத்து மாப்பிள்ளை.' விமானம் என்பது துணியும் மரக்குச்சியும் கம்பியுமாக இருந்த காலத்தில், ஃபெர்மின் அல்தாவோ என்று ஒரு விமானி. 1913இல் சாந்தா ருஃபினா ஊர்த் திருவிழாவில் சனங்கள் முன்னால் பறந்து காட்டப் போய், விழுந்து செத்தான். கம்பெனி முதலாளி காசிமீரோ ஏதோ ஒரு பழைய செய்தித்தாளில் இதைப் படித்திருந்தார். 'பலத்த காற்றினால் விபத்து' என்று அதில் ஒரே ஒரு வரி.

"காத்தா? காத்தை வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் நாடகம் ஓட்ட முடியுமா? காத்துக்கு நான் என்ன வசனம் எழுதுறது?" என்றார் காசிமீரோ. நாடகம் எழுதுவதும் அவர், கதாநாயகனாக நடிப்பதும் அவர். ஆகவே தார்தோ என்று ஒரு மெக்கானிக்கை உண்டாக்கினார். தார்தோவுக்கு ஃபெர்மினின் காதலி மேல் கண். பறக்கிறதுக்கு முந்தின ராத்திரி, கொட்டகைக்குள் புகுந்து, றெக்கையைத் தாங்குகிற கம்பியை அரத்தால் ராவிவிடுகிறான். தார்தோ யார்? வேறு யார், பெலிசாரியோதான்.

அந்த அரம் போடும் சத்தத்துக்கு எல்விரா ஒரு பழைய அரத்தைத் தகர டப்பாவில் தேய்த்தாள். கிர்ர்... கிர்ர்... நடுவில் பெலிசாரியோவின் மூச்சு. மாகாணமே நடுங்கிப்போனது. வானொலி நிலையத்துக்கு வந்து தார்தோவைக் கட்டிப்போடச் சொன்னவர்கள் உண்டு.

இப்படி ஊர் ஊராக ஆரஞ்சு வாங்கிக்கொண்டு, கடைசியில் கம்பெனி சாந்தா ருஃபினாவுக்கே வந்து சேர்ந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஃபெர்மினின் நினைவுநாள். ஃபெர்மின் விழுந்த ஊர்! இங்கே என்னென்ன வந்து விழப்போகிறதோ என்று பெலிசாரியோ பஸ்ஸிலேயே தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆசையாக இருந்தான்.

ஒன்றும் விழவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினால் எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒரு அம்மாள் கை நிறைய இனிப்பு ரொட்டியைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்து, "பாவம் சார் நீங்க, அந்தக் கிராதகன் வேஷத்தை நீங்க போட வேண்டியதா போச்சே" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். பெலிசாரியோவுக்கு முகம் தொங்கிப்போனது.

"என்னய்யா, மார்க்கெட் போச்சா?" என்றாள் எல்விரா.

"ஏதோ சரியில்லை. வில்லனுக்கு ரொட்டி குடுக்கிற ஊரும் ஒரு ஊரா?"

"சாப்பிட்டுப் பாரு, விஷம் கிஷம் வச்சிருப்பா. மனசு தேறும்."

அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது. அவன் சவரம் செய்துகொள்ளலாம் என்று சதுக்கத்துச் சலூனுக்குப் போனான். சலூன்காரர் எவாரிஸ்தோவுக்கு அறுபது வயசுக்குப் பக்கம். நாற்காலியைத் துடைத்து உட்காரவைத்து, முகம் முழுக்கச் சோப்பு நுரை போட்டு, கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார்.

"உங்க மேல எங்களுக்கு என்ன சார் கோவம்? நீங்க நடிக்கிறவரு. நிஜ ஆளு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான்."

"நிஜ ஆளா? யாரு?"

"தார்தோதான் சார். இங்க அவன் பேரு நசரேனோ. ஃபெர்மினுக்கு இருந்ததே ஒரே ஒரு மெக்கானிக்கு. ஃபெர்மின் செத்ததும் இங்கேயே தங்கி, காத்துல சுத்துற தண்ணிப் பம்பு ரிப்பேர் பண்ணிக்கிட்டுக் கிடக்கிறான். முப்பது வருஷமா இதே நாற்காலியில உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டான் சார், தினம் என்கூட சீட்டாடினான். மனசுக்குள்ள இப்படி ஒரு விஷத்தை வச்சுக்கிட்டு! ரேடியோ சொல்லித்தானே எங்களுக்கே தெரிஞ்சுது."

பெலிசாரியோ நுரையோடு நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஐயா, அது கதைங்க. எங்க முதலாளி உக்காந்து எழுதினது. தார்தோன்னு ஒருத்தன் கிடையவே கிடையாது."

"அப்படித்தான் சார் சொல்லணும், போலீசு கேசு எதுவும் வந்துடக் கூடாதுல்ல? எங்களுக்குப் புரியுது" என்று எவாரிஸ்தோ கண்ணடித்தார். "இப்போ அவனை யாரும் சேர்த்துக்கிறதில்லை. சீட்டுக்கும் இல்லை, சவரத்துக்கும் இல்லை. ஃபெர்மின் விமானத்தோட மூக்குல சுத்துமே, அந்த மர விசிறி கோயில்ல இருக்கு. வருஷா வருஷம் நினைவுநாளுக்கு அதைத் தோள்ல வச்சுக் கல்லறைக்குக் கொண்டுபோறது நசரேனோதான். இந்தத் தடவை உங்க காசிமீரோ சாரைத் தூக்கச் சொல்லிட்டோம். கொன்னவன் கையில குடுப்போமா?"

ஒரு கன்னம்தான் முடிந்திருந்தது. பெலிசாரியோ துண்டை உருவிப் போட்டுவிட்டு எழுந்து நடந்தான். பின்னாலேயே எவாரிஸ்தோ, "சார், இந்தப் பக்கம் பாக்கி இருக்கு சார்!" என்று கத்தியது அவன் காதில் ஏறவில்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு பட்டறை. சுவரில் தாரால் பெரிதாக 'கொலைகாரன்' என்று எழுதியிருந்தது. வாசலில் ஆரஞ்சு மரம். மரத்தடியில் நரைத்த தாடி மண்டிய ஒரு பெரியவர், ஒரு பழைய பம்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். யாரும் கொடுத்த வேலை இல்லை அது, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் செய்கிற வேலை.

"வணக்கங்க" என்றான் பெலிசாரியோ.

குரலைக் கேட்டதும் பெரியவரின் கை நின்றது. தலையைத் தூக்காமலே, "தார்தோ" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்து, அந்தப் பாதிச் சவரத்தைக் கண்டு சிரித்துவிட்டார். "என்ன தம்பி, எவாரிஸ்தோ பாதியில துரத்திட்டானா? பரவாயில்லை, எனக்கு முழுசாவே இல்லைன்னுட்டான்."

திட்டுவார், சுத்தியலை எடுத்து அடிப்பார் என்றெல்லாம் பயந்து வந்தவனுக்கு இது தாங்கவில்லை. "பெரியவரே, நீங்க உயிரோட இருக்கிறது எங்களுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது. மன்னிச்சிடுங்க" என்று அப்படியே நின்றான்.

"உக்காருங்க. மாத்தே குடிப்பீங்கல்ல?"

சுரைக்குடுவையில் பச்சிலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, தான் ஒரு முறை உறிஞ்சிவிட்டு, அதே குடுவையை நீட்டினார். எங்கள் பக்கத்தில் மாத்தே தனியாகக் குடிக்கிற சமாச்சாரம் இல்லை. ஒரே குடுவை, ஒரே குழல், கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும். "கை மாத்த ஆள் வந்து ரெண்டு மாசம் ஆச்சு" என்றார் நசரேனோ. பெலிசாரியோ வாங்கிக் குடித்தான். வாய் வெந்தது, சொல்லவில்லை.

"தினமும் நாடகம் கேக்குறேன் தம்பி."

"எதுக்குங்க கேக்குறீங்க? நிறுத்திப் போட்டுட வேண்டியதுதானே!"

"ஃபெர்மின் பேசுறானே. அவன் குரல் இப்படி இல்லை, எலி கத்துற மாதிரி கீச்சுன்னு இருக்கும். இருந்தாலும் 'நசரேனோ'ன்னு கூப்பிடாட்டியும், 'மெக்கானிக்கு'ன்னு கூப்பிடுறான்ல? அரைமணி நேரம் அவன் உசுரோட இருக்கான். அப்புறம் நீங்க வந்துடுறீங்க." மீசைக்குள் சிரித்தார். "நல்லாத்தான் பண்றீங்க. எனக்கே உங்களை அடிக்கணும்போல இருந்துது."

"அன்னிக்கு என்னதான் நடந்துது?"

நசரேனோ குடுவையில் மறுபடியும் வெந்நீர் ஊற்றினார். பிறகு சொன்னார்.

"காத்து. அவ்வளவுதான். ஃபெர்மின் பறக்க மாட்டேன்னுதான் சொன்னான். சனம் காலையிலேர்ந்து நின்னுக்கிட்டிருந்தாங்க, டிக்கெட்டு வாங்கினவங்க. 'ஏமாத்துக்காரா, கோழை, பாவாடை கட்டிக்கோ'ன்னு கூச்சல். விமானத்தைக் கொளுத்திடுவோம்னு ஒருத்தன் வைக்கோலைக் கொண்டாந்துட்டான். ஃபெர்மின் ஏறி உக்காந்துட்டான். நான் றெக்கையைப் புடிச்சுக்கிட்டு விடலை. 'விடுடா, பறக்க விடு'ன்னு மண்ணாங்கட்டியால என்னை அடிச்சாங்க. ஃபெர்மின் என்னைப் பாத்துச் சிரிச்சான். 'விட்டுடு, இல்லைன்னா உன்னைக் கொன்னுடுவாங்க'ன்னான். விட்டேன்."

"இதை ஊர்ல சொல்லக் கூடாதா?"

"யார்கிட்ட தம்பி? கத்தினவங்ககிட்டயேவா? அவங்களுக்குத் தெரியாதா? எவாரிஸ்தோ எறிஞ்ச கட்டி இங்கதான் பட்டுது" என்று காதுக்கு மேல் தொட்டுக் காட்டினார். "செத்தப்புறம் யாரும் வாயைத் திறக்கலை. ஒரு வாரம் கழிச்சு எவாரிஸ்தோ வந்து என் எதிர்ல உக்காந்து சீட்டைக் கலைச்சான். எனக்கு அது போதுமா இருந்துது. இப்போ உங்க நாடகம் வந்துடுச்சு. அவங்களுக்கும் பாவம், எத்தனை வருஷத்துப் பாரம்? 'நாம இல்லை, அவன்தான்'னு ரேடியோவே சொல்லும்போது யாருக்குத்தான் ஆசையா இருக்காது?"

ஊர் தன்னை ஒதுக்கியதற்குக்கூட இந்த மனுஷன் ஊருக்காக நியாயம் பேசுகிறாரே என்று பெலிசாரியோ நினைத்துக்கொண்டான். ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த அரம் சத்தம். தூக்கத்துல கேக்குது. அரம் என் கையில இருக்கிற மாதிரியே இருக்கு. அன்னிக்கு விடியக்காலையில ஒவ்வொரு கம்பியா சுண்டிப் பார்த்தேன்னுதான் இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டிருந்தேன். இப்போ சந்தேகமா இருக்கு. நான் பார்த்தேனா தம்பி?"

தார்தோவைப் பார்த்துக் கேட்கிறார்! பெலிசாரியோ எத்தனையோ பேரை ரேடியோவில் கொன்றிருக்கிறான். ஒருத்தரிடமிருந்து அவருடைய ஞாபகத்தையே பிடுங்கியது இதுதான் முதல் தடவை. அவன் எழுந்துபோய் மரத்திலிருந்து ஓர் ஆரஞ்சைப் பறித்துவந்து அவர் மடியில் வைத்தான்.

"சாயங்காலம் நாடகத்துக்கு வாங்க. இதை என்மேல வீசுங்க. மாகாணமே வீசியாச்சு, உரிமைப்பட்ட ஆளு நீங்கதான் பாக்கி."

"போங்க தம்பி, நல்ல பழத்தை வீணாக்கிக்கிட்டு!"

கிளப்பில் மேடை தயாராகிக்கொண்டிருந்தது. மரச்சட்டத்தில் துணி கட்டிய விமானம், நடுவில் கதாநாயகன் உட்கார ஒரு நாற்காலி. பெலிசாரியோ காசிமீரோவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "கதையை மாத்திடலாம் முதலாளி" என்றான்.

"மாத்தி? தார்தோ நல்லவன்னா, கெட்டவன் யாரு?"

"காத்து."

"திரும்பவும் காத்தா!" காசிமீரோ தலையில் கை வைத்துக்கொண்டார். "பெலிசாரியோ, எனக்கும் அந்தப் பெரியவரை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா டிக்கெட்டு வித்தாச்சு. தார்தோ மாட்டிக்கிறதைப் பாக்கத்தான் சனம் வருது. நான் மேடையில ஏறி, 'மன்னிக்கணும், குத்தவாளி யாரும் கிடையாது'ன்னு சொன்னா மேடையையே கொளுத்திடுவாங்க."

"அன்னிக்கும் அதைத்தான் சொன்னாங்களாம்" என்றான் பெலிசாரியோ.

காசிமீரோவுக்கு அது புரியவில்லை, மீசையை ஒட்டப் போய்விட்டார். எல்விரா மட்டும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சத்தச் சாமான்கள் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். பெட்டியைத் திறந்தாள், அரத்தை எடுத்தாள், கொல்லைப்பக்கம் போனாள். கிணற்றில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தாளு தூக்கத்துல கேக்குறது என் கை போட்ட சத்தம்" என்றாள். கண் கலங்கியிருந்தது. "சொல்லு. இன்னிக்கு என்ன சத்தம் வேணும் உனக்கு?"

சாயங்காலம் கிளப்பில் நிற்க இடமில்லை. ஊரில் பாதிப்பேர் மடியில் ஆரஞ்சோடு உட்கார்ந்திருந்தார்கள். நிஜ ஆள் வேறு என்றாலும் பழக்கம் விடுமா? மூன்றாவது வரிசையில் எவாரிஸ்தோ.

கொட்டகைக் காட்சி வந்தது. கையில் லாந்தரோடு பெலிசாரியோ பதுங்கிப் பதுங்கி மேடையேறினான். "வந்துட்டான்!" என்று சபை சீறியது. எல்லாரும் அரம் சத்தத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். பெலிசாரியோ லாந்தரைக் கீழே வைத்தான். முதல் கம்பியைச் சுண்டினான். 'டிங்' என்றது. எல்விரா திரைக்குப் பின்னால் ஒரு பழைய கிதாரின் தந்தியைச் சுண்டியிருந்தாள். அடுத்த கம்பி. டிங். காதை அதன் மேல் வைத்துக் கேட்டான். அடுத்தது. தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, ஒரு கம்பி விடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். "எல்லாம் நல்லா இருக்கு ஃபெர்மின். ஒவ்வொண்ணா பார்த்துட்டேன்" என்றான், அந்தக் கெட்ட குரலில்.

"நடிக்கிறான் பாருடா!" என்று யாரோ கத்தினார்கள். சபை சிரித்தது. காசிமீரோவுக்குத் திரைக்குப் பின்னால் வியர்த்துக் கொட்டியது. அடுத்த காட்சி அவருடையது. திருவிழாத் திடல். வெள்ளைக் கழுத்துத் துணி பறக்க அவர் வந்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். எல்விராவின் இன்ஜின் உறுமியது. வழக்கப்படி தார்தோ பல்லிளித்து, 'போய்ட்டு வாங்க கேப்டன்' என்று வழியனுப்ப வேண்டும்.

பெலிசாரியோ றெக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "போகாதே. காத்து சரியில்லை. போகாதே ஃபெர்மின்!"

"என்னய்யா பண்றே?" என்று காசிமீரோ பல்லுக்கிடையில் கேட்டார்.

எல்விரா உருளையை வேகமாகச் சுற்றினாள். காற்று எழுந்தது. சபைக்கோ வெறி வந்துவிட்டது. இத்தனை நாள் கேட்ட நாடகம், தார்தோ செய்கிற எதுவும் நல்லதுக்கு இருக்காது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளையின் புகழைக் கெடுக்கப் பார்க்கிறான்! ஆரஞ்சுகள் பறந்தன. "விடுடா!" என்றது ஒரு குரல். "விடுடா கோழை! அவரைப் பறக்க விடு!" சபையே எழுந்து நின்றது. "பறக்க விடு! பறக்க விடு!"

பெலிசாரியோவின் காதில் ஒரு பழம் பட்டு வெடித்தது. அவன் விடவில்லை. "காத்து அடிக்குதுங்க! வேண்டாம்னு சொல்லுங்க! நீங்க சொன்னா கேப்பான்!" என்று சபையைப் பார்த்துக் கெஞ்சினான்.

"பறக்க விடுடா!" எவாரிஸ்தோ நாற்காலி மேலேயே ஏறிவிட்டார். கையில் ஆரஞ்சு, தலைக்கு மேல் ஓங்கிய கை. அந்தக் கை அப்படியே நின்றது.

தன் குரல் தனக்கே கேட்டிருக்க வேண்டும். ஓங்கிய கையைப் பார்த்தார், கையில் இருந்ததைப் பார்த்தார், றெக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருக்க, சத்தம் மட்டும் வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு கிழவி கத்திக்கொண்டே இருந்தவள் சால்வை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு இன்னொருவர், இன்னொருவர். வயசானவர்கள் எல்லாரும் அடங்கிப்போனார்கள். இளசுகள் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார்கள், பிறகு தங்கள் அப்பன்மார் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு அவர்களும் நிறுத்தினார்கள். காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

பெலிசாரியோ றெக்கையிலிருந்து கையை எடுத்தான்.

"விட்டுட்டேன். நீங்க சொன்னீங்க, விட்டுட்டேன்."

விபத்துச் சத்தத்துக்காக எல்விராவின் காலடியில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அவள் அதை மிதிக்கவில்லை. இன்ஜினை மட்டும் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துக் காற்றையும் நிறுத்தினாள்.

கைதட்டல் இல்லை, கூச்சலும் இல்லை. கோயிலை விட்டுப் போவதுபோல் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வெளியே போனார்கள். காசிமீரோ நாற்காலியை விட்டு இறங்கவே இல்லை. "திங்கட்கிழமை ரேடியோவுல நான் என்ன பண்றது?" என்றார்.

"அரம் கிணத்துல கிடக்கு முதலாளி. வேணும்னா நீங்க இறங்கி எடுத்துக்குங்க" என்றாள் எல்விரா. திங்கட்கிழமை நாடகத்தில் அரம் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலையில் பெலிசாரியோ மற்றொரு கன்னத்துக்காகச் சலூனுக்குப் போனான். பூட்டியிருந்தது. அங்கிருந்து நேரே தண்டவாளத்தைத் தாண்டிப் போனான். ஆரஞ்சு மரத்தடியில் நசரேனோ கழுத்தில் வெள்ளைத் துண்டோடு உட்கார்ந்திருக்க, எவாரிஸ்தோ குனிந்து அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். பழைய சீட்டுக் கூட்டாளிகள் இருவர் மண்ணெண்ணெயும் துணியுமாகச் சுவரிலிருந்த தாரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். எவாரிஸ்தோவின் கண்ணிலிருந்து நீர் வழிந்து சோப்பு நுரையில் விழுந்தது.

"பாத்துப் பண்ணு. காதை அறுத்துடாதே" என்றார் நசரேனோ.

"பேசாம இரு" என்றார் எவாரிஸ்தோ. காதுக்கு மேல், பழைய தழும்பு இருந்த இடத்தை விரலால் தடவிவிட்டு, "பேசாம இரு" என்று மறுபடியும் சொன்னார்.

நசரேனோ கண்ணைத் திறந்து பெலிசாரியோவைப் பார்த்தார். "கடைசி வரிசையில நின்னேன் தம்பி. ராத்திரி அரம் சத்தம் வரலை. கம்பிங்கதான். ஒவ்வொண்ணா, டிங், டிங்னு. பார்த்திருக்கேன், இல்ல?"

"பார்த்திருக்கீங்க. ஒண்ணு விடலை" என்றான் பெலிசாரியோ.

கோயில் வாசலில் காசிமீரோ தோல் தொப்பியும் வெள்ளைக் கழுத்துத் துணியுமாக விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு நசரேனோ நடந்து வருவதைப் பார்த்ததும், நல்ல மனுஷன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கிக்கொண்டார். நசரேனோ மர விசிறியைத் தோளில் வாங்கினார். பாரம் அழுத்தியது. கொஞ்ச தூரம் போனதும் எவாரிஸ்தோ மறுமுனைக்குத் தோள் கொடுத்தார். ஊர் பின்னால் போனது.

மத்தியானம் பஸ் கிளம்பியது. பெலிசாரியோ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான், மனசு நிறைந்திருந்தது. ஆனாலும் ஓரத்தில் ஒரு சின்னக் குறை. ரொட்டி, முத்தம், கைகுலுக்கல் எல்லாம் கிடைத்தாயிற்று. வில்லன் என்று மதித்து வழியனுப்ப ஒரு ஆள் இல்லையே!

தண்டவாளத்தைத் தாண்டும்போது பஸ்ஸின் பக்கவாட்டில் பொத்தென்று ஒன்று வந்து விழுந்தது.

"அடேய் கொலைகாரப் பாவி! தார்தோ! ஓடாதேடா, நில்லுடா!"

ஆரஞ்சு மரத்தடியில் நசரேனோ. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், அடுத்த பழத்துக்குக் கை மேலே போகிறது. பக்கத்தில் எவாரிஸ்தோ பறித்துப் பறித்துக் கொடுக்கிறார். பெலிசாரியோ அவசர அவசரமாகத் தொப்பியைக் கழற்றி, குறி தப்பக் கூடாதே என்று வழுக்கைத் தலையை ஜன்னலுக்கு வெளியே நன்றாக நீட்டினான்.

"தலையை உள்ள இழு, கோட்டை நான்தானே துவைக்கணும்" என்றாள் எல்விரா.

அவனுக்கு எங்கே கேட்டது? நெற்றியிலிருந்து பழச்சாறு வழிந்து கண்ணுக்குள் இறங்க, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாமல், பஸ் திரும்புகிறவரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.